அரைத்த கையோடு

தோல் பதனிடும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு மூக்கு சீக்கிரமே பழகிப்போகும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையில் வரிசையாக இருக்கும் இந்த ஊர்களில் 1970-களில் வளர்ந்த பிள்ளைகள் சுண்ணாம்புக் குழியின் வாடையைக் காற்றோடு காற்றாகவே சுவாசித்தார்கள். வெளியூர் உறவினர் யாராவது வந்து மூக்கைப் பொத்தும்போதுதான், ஊருக்கென்று ஒரு வாடை இருப்பதே அவர்களுக்கு நினைவுக்கு வரும்.

இப்போது காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆம்பூரில் கழிந்த தன் பிள்ளைப் பருவத்தைப் பேசத் தொடங்கினால், அந்த வாடைக்கு நடுவே இன்னொரு மணமும் எழுந்து வருகிறது. விடியற்காலையில் அவருடைய ஆயா சமையலறையில் காப்பிக்கொட்டை அரைக்கும் மணம். அந்த வீட்டில் பொடி என்று எதையும் டப்பாவில் அடைத்து வைத்ததில்லை. டப்பாவில் இருந்தது கொட்டைதான். ஒரு வேளைக்கு வேண்டியதை அந்த வேளையில் அரைப்பார்கள். அரைத்த கையோடு பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றுவார்கள். மாலைக்கு மறுபடியும் மிஷின் சுற்றும்.

அவருடைய அப்பா ஒரு டேனரியில் கெமிஸ்டாக இருந்தார். அடையாற்றில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பயிற்சி பெற்றவர். தொழிற்சாலையிலிருந்து வந்ததும் கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு, நேரே சமையலறை வாசலில் வந்து உட்காருவார். ஆயா அரைத்து முடித்ததும் மிஷினின் கிண்ணத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை ஆழ மூச்சிழுப்பார். பிறகு மகளிடம் நீட்டுவார்.

“ஒரே கந்தகம்தாம்மா. அங்க நாறுது, இங்க மணக்குது.”

அவர் சொன்னது வேதியியல் உண்மை. தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை வாடைக்குக் காரணம். காப்பியை வறுக்கும்போது உண்டாகும் 2-ஃபர்ஃபுரில்தயால் என்ற பொருளிலும் கந்தகம் இருக்கிறது. வறுத்த காப்பிக்கு அதன் தனி மணத்தைத் தருவதில் இதற்கு முதன்மையான பங்கு உண்டு. மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஸ்டாடிங்கர், ரைக்ஸ்டைன் என்ற இரு வேதியியலாளர்கள் 1920-களில் காப்பியின் மணத்தை ஆராய்ந்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். இருவரும் பிற்காலத்தில் வேறு ஆய்வுகளுக்காக நோபல் பரிசு பெற்றவர்கள். வறுத்த காப்பியில் ஆவியாகக்கூடிய பொருள்கள் 800-க்கும் மேல் என்று இன்று கணக்கிடுகிறார்கள். அத்தனையும் கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் வரைதான் பத்திரம். அரைத்ததும் கூடு உடைகிறது. காற்றுப் படும் பரப்பு பல மடங்கு பெருகுகிறது. வறுக்கும்போது உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. மிஞ்சியதைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் கெடுக்கிறது. அரைக்கும்போது வீடெல்லாம் மணப்பது, டம்ளருக்குள் போக வேண்டியதில் ஒரு பங்கு காற்றில் போகிறது என்பதற்கும் அடையாளம். பொடியாக வாங்கினால் அந்தப் பங்கு முழுக்கக் கடை வாசலிலேயே போய்விடும்.

மிஷின் என்று அவர்கள் சொன்னது லண்டன் ‘ஸ்பாங்’ கம்பெனியின் வார்ப்பிரும்பு அரைவை. மேலே புனல் போன்ற வாய், பக்கத்தில் மரப்பிடி போட்ட கைப்பிடி, உள்ளே பல் வெட்டிய இரண்டு இரும்புத் தகடுகள், முன்புறம் ஒரு காதுத் திருகு. வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேறி வந்த இத்தகைய மிஷின்களும், அவற்றைப் பார்த்து இங்கே வார்க்கப்பட்டவையும் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஜன்னல் கட்டையிலோ மேசை விளிம்பிலோ பொருத்தப்பட்டிருந்தன. ஆயா தன்னுடையதை ஒரு நீண்ட பலகையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார். பலகையின் ஒரு முனையில் பேத்தி உட்கார வேண்டும். அவள் கனத்தில் பலகை அசையாமல் நிற்கும். ஆயா கைப்பிடியைச் சுற்றுவார். சற்று வளர்ந்ததும் பேத்தியே ஏறி உட்கார்ந்து சுற்றக் கற்றுக்கொண்டாள். கொட்டை தகடுகளுக்கு இடையில் சிக்கும்போது கையில் ஒரு வெட்டு வெட்டும். பிறகு கரகரவென்று சீராக ஓடும். கடைசிக் கொட்டை உடைந்ததும் கைப்பிடி திடீரென்று இலகுவாகிவிடும். அந்த இலகு கையில் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெறும் தகடோடு தகடு உரசவிட்டால் பல் மழுங்கும் என்பது ஆயாவின் கண்டிப்பு.

அடுத்தது திருகு. அதை ஒரு சுற்று இறுக்கினால் பொடி நைசாகும், தளர்த்தினால் கொரகொரப்பாகும். ஆயா பொடியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்ப்பார்.

“ரவையாட்டம் இருந்தா தண்ணி ஓடிப்புடும். மாவாட்டம் இருந்தா நின்னுபுடும். ரெண்டுக்கும் நடுவுல வரணும்.”

நம்முடைய பித்தளை பில்டர், எவர்சில்வர் பில்டர் இரண்டுமே தண்ணீரின் சொந்தக் கனத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குபவை. எஸ்பிரெஸ்ஸோ மிஷினைப் போல அழுத்தித் தள்ளும் விசை இதில் கிடையாது. அதனால் பொடியின் பருமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பருமன் கூடினால் தண்ணீர் பொடியைத் தொட்டும் தொடாமலும் கீழே இறங்கிவிடும். டிக்காஷன் வெளுத்துப் புளிக்கும். நைசு மிகுந்தால் துளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பொடியிலேயே ஊறிக் கிடந்து கசப்பையெல்லாம் கரைத்துக்கொண்டு வரும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்பவர் 1950-களில் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்த ஒரு கணக்கு இன்றும் காப்பித் தொழிலில் புழங்குகிறது: பொடியின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை நீரில் கரைந்தால் ருசி சரியாக அமையும். ஆயா அந்த இடத்துக்கு விரல் நுனியாலேயே போய்ச் சேர்ந்திருந்தார்.

துணுக்கின் பருமன்தான் சாற்றைத் தீர்மானிக்கிறது என்பதை அப்பாவுக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்தப் பகுதியின் தோல் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை நம்பி நடந்தது. ஆவாரம் பட்டை, கொன்றைப் பட்டை, பிறகு வாட்டில் பட்டை. நிறம் தெளியக் கடுக்காய். பட்டையை நறுக்கி இடித்துத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அதன் சாற்றை இறக்குவார்கள். துண்டு பெரிதாக இருந்தால் பாதிச் சாறு பட்டையிலேயே தங்கிவிடும்; தூளாகப் போய்விட்டால் தொட்டியில் களியாகக் கட்டிக்கொண்டு நீர் இறங்காது. பட்டைத் தொட்டியும் காப்பி பில்டரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதை அவர் மகளுக்கு டேனரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973 முதல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுதாகப் பதனிட்ட தோலுக்கு மாறும்படி அரசு வற்புறுத்தியது. அதன்பின் பட்டைக்குப் பதில் குரோம் உப்பால் பதனிடும் முறை வேகமாகப் பரவியது. பட்டைத் தொட்டிகள் குறைந்தன. நீலம் பாய்ந்த ஈரத் தோல்கள் டிரம்களிலிருந்து வரத் தொடங்கிய அந்த ஆண்டுகளில், அப்பா பழைய பட்டை ஞானத்தை வீட்டில் காப்பி மீது செலுத்தினார் என்று மகள் சொல்கிறார்.

காப்பிக்கொட்டை வந்தது ரயில் வழியாகத்தான். ஆம்பூர் சென்னை–பெங்களூரு பாதையில் இருக்கிறது. பெங்களூரு போய் வருபவர்களிடம் சொல்லிவிட்டால் பச்சைக்கொட்டை வந்து சேர்ந்துவிடும். ஏமனிலிருந்து பாபா புதன் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது அந்த வட்டாரம் முழுக்க வழங்கும் கதை. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஏற்காட்டில் காப்பி பயிரானதற்கு 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காரணம். 1942-ன் காப்பிச் சட்டத்துக்குப் பிறகு விளைச்சல் முழுவதும் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பு வழியே விற்பனைக்கு வந்தது. விவசாயி தன் கொட்டையைத் தானே தாராளமாக விற்கும் நிலை 1990-களின் நடுவில்தான் திரும்பியது. ஆயாவுக்குச் சட்டமெல்லாம் தெரியாது. ‘பிளாண்டேஷன் ஏ’, ‘பீபெரி’ என்ற இரண்டு பெயர்கள் தெரியும். பழத்துக்குள் வழக்கமாக இருக்கும் இரண்டு தட்டை விதைகளுக்குப் பதில் ஒற்றை விதை உருண்டு திரண்டால் அது பீபெரி. உருண்டையாக இருப்பதால் வாணலியில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வறுபடும் என்று ஆயா அதை விரும்புவார்.

ஞாயிற்றுக்கிழமை வறுக்கும் நாள். கரி அடுப்பு, கனத்த இரும்பு வாணலி, நீளப் பிடி போட்ட மரக் கரண்டி. பச்சை மெல்ல மஞ்சளாகி வைக்கோல் வாசனை வரும், பிறகு பழுப்பேறும், 200 டிகிரியை நெருங்கும்போது படபடவென்று வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு அடங்கி, எண்ணெய் மேலே கசிவதற்குள் ஆயா இறக்கிவிடுவார். முறத்தில் கொட்டிப் புடைத்தால் சருகு பறக்கும். சூட்டோடு அரைக்கக் கூடாது என்பது வீட்டு விதி. ஒரு நாளாவது ஆறவிட வேண்டும். வறுத்த கொட்டை முதல் நாளில் கரியமில வாயுவை வேகமாக வெளியிடும். அந்த நிலையில் அரைத்து வெந்நீர் ஊற்றினால் பொடி நுரைத்துப் பொங்கித் தண்ணீரைச் சீராக உள்ளே விடாது.

1975 ஜூலையில் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கடும் உறைபனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலை எகிறியது. அப்படி விலை ஏறும்போது பொடி விற்பவர்களுக்குச் சிக்கரி கைகொடுக்கும். அது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் கறுப்பு நிறமும் கெட்டித்தன்மையும் தரும். காப்பியின் மணமோ கஃபீனோ அதில் கிடையாது. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, கலந்த அளவைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பவருக்கு அந்தச் சிறிய எழுத்தைத் தேடும் வேலை இல்லை. விலை ஏறிய நாட்களில் ஆயா மாலைக் காப்பியை நிறுத்தினார். சிக்கரிப் பக்கம் போகவில்லை.

மிக்ஸி வந்தது 1980-களில். சுமீத் மிக்ஸி நுழையாத நடுத்தரக் குடும்பம் இல்லை என்ற காலம் அது. சட்னிக்கும் மிளகாய்த்தூளுக்கும் பெண்களின் கைவலியைப் போக்கிய அந்த மிஷினை அம்மா கொண்டாடினார். அதில் நியாயம் இருந்தது. காப்பியையும் அதிலேயே அரைக்கலாமே என்று அவர் கேட்டபோது அப்பா மறுக்கவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்றார். மேசையில் இரண்டு வெள்ளைத் தாள்களை விரித்து, கை மிஷின் பொடி ஒரு தாளில், மிக்ஸிப் பொடி இன்னொன்றில். தேநீர் வடிகட்டி ஒன்று, மெல்லிய மல் துணி ஒன்று. கை மிஷின் பொடியில் பெரும்பகுதி வடிகட்டியைத் தாண்டித் துணியில் நின்றது. மிக்ஸிப் பொடியில் வடிகட்டியிலேயே நொறுங்காத துண்டுகள் தங்கின; துணிக்குக் கீழே மாவாகவும் நிறைய விழுந்தது. நடுவில் நிற்க வேண்டியது குறைவு. பிளேடு எதை எத்தனை முறை வெட்டும் என்பதற்குக் கணக்கில்லை. தகடுகள் தமக்கிடையே உள்ள இடைவெளியைத் தாண்டிய துணுக்கைத்தான் வெளியே விடுகின்றன. மிக்ஸிப் பொடியில் இறங்கிய டிக்காஷன் ஒரே வாயில் கசந்தது, புளிக்கவும் செய்தது. மாவிலிருந்து கசப்பு, துண்டிலிருந்து புளிப்பு. போதாததற்கு, விடாமல் ஓட்டியதில் ஜார் சுட்டது. அம்மா வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “சரி, சட்னிக்கு அது, காப்பிக்கு இது” என்று வழக்கை முடித்துவைத்தார்.

அரைவை மட்டும் சரியாக இருந்தால் போதாது என்பதையும் இந்த மண் கற்பித்தது. டேனரிக் கழிவு பாலாற்றில் கலந்து, கிணறுகள் உப்பேறின. ‘வேலூர் மக்கள் நல மன்றம்’ தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருப்பதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. விவசாயிக்கு நேர்ந்த அந்த இழப்போடு காப்பியை ஒப்பிட முடியாது. ஆனால், ஒரு டம்ளர் டிக்காஷனில் மிகப் பெரும்பகுதி தண்ணீர்தான். கிணற்று நீரில் டிக்காஷன் இறக்கினால், எவ்வளவு நல்ல பீபெரியும் மங்கிச் சப்பென்று போயிற்று. குடும்பம் குடிக்க விலைக்குத் தண்ணீர் வாங்கத் தொடங்கியபோது, காப்பிக்கும் அதுவே ஆனது. கைநிறையத் தொழில் கொடுத்த ஊர் அது. அந்த டேனரிச் சம்பளத்தில்தான் மகள் படித்தார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நேர்மை அவரிடம் இருக்கிறது.

திருமணத்துக்குப் பிறகு மிஷின் அவரோடு காட்பாடிக்கு வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு தாண்டவமாடியது. பல ஊர்களில் நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சம்புடத்தில் கொட்டையோடு வந்து நிற்பாள்.

“அம்மா அனுப்பிச்சாங்க ஆன்ட்டி. கரண்ட் எப்ப வரும்னு தெரியல, வாப்பாவுக்குக் காப்பி இல்லாம முடியலயாம்.”

மிளகும் ஏலக்காயும் மட்டும் இதில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவளையே பலகையில் உட்காரவைத்துச் சுற்றச் சொல்வார். மசாலா வாசனை இரும்புத் தகட்டில் ஏறினால் எளிதில் போகாது. அந்தப் பெண் இன்று வேறு ஊரில் இருக்கிறாள். கூம்பு வடிவப் பற்கள் கொண்ட சிறிய எவர்சில்வர் கை அரைவை ஒன்றை அவளும் வாங்கிவிட்டாள்.

ஆயாவின் விதிகள் சிலவற்றுக்கு ஆய்வகங்கள் அண்மையில்தான் விளக்கம் சொல்லியிருக்கின்றன. கிறிஸ்டோபர் ஹெண்டன் என்ற வேதியியலாளரும் அவர் கூட்டாளிகளும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, கொட்டை குளிர்ந்திருந்தால் துணுக்குகள் ஒரே சீராக உடைகின்றன என்று காட்டியது. வறுத்த சூட்டோடு அரைக்காதே என்பதற்கு அது இன்னொரு காரணம். அவரே ஆரிகன் பல்கலைக்கழகத்திலிருந்து எரிமலைச் சாம்பலை ஆராய்பவர்களோடு சேர்ந்து 2023-ல் மற்றொன்றை வெளியிட்டார். அரைக்கும்போது உரசலில் பொடி மின்னேற்றம் பெற்று மிஷினிலேயே ஒட்டிக்கொள்கிறது. கட்டி கட்டியாகவும் சேர்கிறது. ஈரம் குறைந்த, கருக வறுத்த கொட்டைக்கு இது அதிகம். அரைக்குமுன் கொட்டையில் சில துளி நீர் தெளித்தால் போதும், ஒட்டல் குறைகிறது. பொடியின் சாரமும் நன்றாக இறங்குகிறது. ஆசிரியை இதைப் படித்த மறுநாள் முதல், விரலை நனைத்துக் கொட்டையில் உதறிவிட்டு அரைக்கிறார். கிண்ணத்தின் ஓரத்தில் பொடி அப்புவது கண்ணுக்குத் தெரிய நின்றுவிட்டது.

காப்பி விலை 2025-ல் மறுபடியும் உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அராபிகா உலகச் சந்தையில் ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. இத்தனை விலை கொடுத்து வாங்கும் பொருளை மணம் போன பிறகு குடிப்பது நட்டம். கை மிஷினோ சின்ன மின் அரைவையோ எதுவானாலும் சரி, தகடோ கூம்புப் பல்லோ உள்ளதாக வாங்குங்கள். மிக்ஸிதான் இருக்கிறது என்றால், சில விநாடி ஓட்டி, நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்டுங்கள். வடிகட்டியில் நிற்கும் துண்டுகளை மட்டும் இன்னொரு முறை அரையுங்கள். ஒரு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஆகும் கொட்டையை வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பின் சூடு படாத இடத்தில் வையுங்கள். சிக்கரி பிடிக்குமானால் தனியாக வாங்கி, பில்டரில் போடும்போது கலந்துகொள்ளுங்கள். முன்கூட்டிக் கலந்தால் அது ஈரத்தை இழுத்துப் பொடியையும் கட்டியாக்கும். முதல் நாள் டிக்காஷன் ஓடிவிட்டால் திருகை இறுக்குங்கள், நின்றுவிட்டால் தளர்த்துங்கள். இரண்டு மூன்று நாளில் உங்கள் பில்டருக்கு ஏற்ற இடம் பிடிபட்டுவிடும். கடைக்குப் போகும்போது விலையைக் கேட்பதோடு, “எப்போ வறுத்தீங்க?” என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். அதற்குத் தேதி சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.